கொங்கோன்யஸ் 2007: விபத்துக்குக் காரணம் எது, சாவுக்குக் காரணம் எது?

விமானம் ஒன்று ஓடுபாதையைத் தாண்டி ஓடிவிட்டால் மறுநாள் பேப்பரில் இரண்டு தலைப்புதான் வரும். ஒன்று, மழையில் வழுக்கியது. இன்னொன்று, விமானியின் தவறு. இரண்டுமே பெரும்பாலும் முழுப்பொய் இல்லை. ஆனா அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த விபத்தைத் தடுக்க முடியாது. மழையை யாரும் நிறுத்தப் போவதில்லை. மனிதர்கள் தவறு செய்வதையும் யாரும் நிறுத்தப் போவதில்லை.

ஓடுபாதை விபத்துகளில் "காரணம்" என்ற சொல்லை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்கு நான் அடிக்கடி திரும்பிப் போகும் உதாரணம் ஒன்று உண்டு. பிரேசிலில் 2007ல் நடந்த டாம் 3054 விபத்து. இதில் சந்தேகப்பட வேண்டியவர்கள் நிறைய: மழை, புதிதாகப் போட்ட தார், வேலை செய்யாத ஒரு கருவி, குட்டையான ரன்வே, இரண்டு விமானிகள், விமானத்தின் மென்பொருள், விமான நிறுவனம், அரசாங்கம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

நடந்தது

2007 ஜூலை 17, மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு. போர்ட்டோ அலெக்ரியிலிருந்து கிளம்பிய டாம் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம், சாவ் பாவ்லோ நகரின் கொங்கோன்யஸ் விமான நிலையத்தில் இறங்குகிறது. உள்ளே 187 பேர். மழை ஈரம். ரன்வே 35 இடது, நீளம் 1,940 மீட்டர்.

சக்கரம் தரையைத் தொட்டது சரியான இடத்தில், ஏறக்குறைய சரியான வேகத்தில். அதற்குப் பிறகு விமானம் வேகம் குறையவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஓடியது. இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய், ரன்வேயை விட்டு வெளியேறி, பக்கத்துச் சரிவைத் தாண்டி, கீழே மாலை நெரிசலில் இருந்த அவெனிடா வாஷிங்டன் லூயிஸ் சாலைக்கு மேலாகப் பாய்ந்து, எதிர்ப்பக்கம் இருந்த சரக்குக் கட்டடத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தக் கட்டடமும் டாம் நிறுவனத்தினுடையதே. பக்கத்திலேயே பெட்ரோல் பங்க். மோதும்போது வேகம் சுமார் 90 நாட், அதாவது மணிக்கு 165 கிலோமீட்டருக்கும் மேல். விமானத்தில் இருந்த 187 பேரும், தரையில் 12 பேரும் இறந்தார்கள். மொத்தம் 199.

பிரேசில் அப்போது ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. 2006 செப்டம்பரில் கோல் நிறுவனத்தின் விமானமும் ஒரு சிறிய ஜெட்டும் நடுவானில் உரசி 154 பேர் இறந்திருந்தார்கள். அதிலிருந்து விமானக் கட்டுப்பாட்டாளர்களின் போராட்டம், தாமதம், ரத்து என்று நாடே நொந்து போயிருந்தது. கொங்கோன்யஸ் ரன்வேயில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்ற புகார் பழையது. அதனால்தான் புதிதாகத் தார் போட்டு 2007 ஜூன் 29ஆம் தேதி திறந்தார்கள். ஆனால் தண்ணீர் வடிவதற்காக மேற்பரப்பில் குறுக்கே வெட்டும் மெல்லிய பள்ளங்கள், குரூவிங் என்பார்கள், அதை இன்னும் வெட்டவில்லை. தார் இறுகிய பிறகு வெட்டலாம் என்று விட்டிருந்தார்கள். விபத்துக்கு முந்தின நாள்கூட ஒரு சிறிய ஏடிஆர் விமானம் அதே ரன்வேயில் சறுக்கிப் புல்லுக்குள் போனது.

இப்படி இருந்தால் யார்தான் ரன்வேயைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்? மக்கள் அன்றிரவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் ஒரே வாரத்தில் மாற்றப்பட்டார்.

கருப்புப் பெட்டி சொன்ன கதை வேறு.

62 டன்னை நிறுத்துவது

அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு ஜெட் விமானம் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

விமானத்தின் எடை சுமார் 62 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொடும்போது வேகம் சுமார் 140 நாட், வினாடிக்கு 72 மீட்டர். ஒரு வினாடியில் பெரிய கால்பந்து மைதானத்தின் முக்கால் பாகம் போய்விடும். இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 160 மெகாஜூல். இது அத்தனையையும் ஒன்றரை கிலோமீட்டருக்குள் எங்காவது கரைத்தாக வேண்டும்.

கரைக்க மூன்று வழிகள் உண்டு. சக்கர பிரேக், இறக்கையின் மேல் எழும் ஸ்பாய்லர் தகடுகள், எஞ்சின் காற்றை முன்பக்கமாகத் திருப்பும் ரிவர்ஸர். பெரும்பாலானவர்கள் ரிவர்ஸர்தான் முக்கியம் என்று நினைக்கிறார்கள், ஏன்னா அதுதான் காதில் விழும் பெரிய சத்தம். உண்மையில் வேலையைச் செய்வது சக்கர பிரேக். வறண்ட ரன்வேக்கான சான்றிதழ் தூரத்தைக் கணக்கிடும்போது ரிவர்ஸரைச் சேர்ப்பதே இல்லை. அது கூடுதல் லாபம், அவ்வளவுதான்.

ஆனால் சக்கர பிரேக் வேலை செய்ய, சக்கரத்தின் மேல் எடை இருக்க வேண்டும். மேஜை மேல் அழிரப்பரை லேசாக வைத்துத் தள்ளினால் சறுக்கிக்கொண்டு போகும். அழுத்திப் பிடித்துத் தள்ளினால் நகராது. அதே கதைதான். 140 நாட்டில் ஓடும் விமானத்தின் இறக்கை இன்னும் விமானத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறது. சக்கரம் தரையில் இருந்தாலும் எடையில் பெரும்பகுதி சக்கரத்தில் இல்லை. ஸ்பாய்லர் எழுந்தவுடன் இறக்கையின் தூக்குவிசை கெட்டுப்போகும், எடை சக்கரத்துக்கு இறங்கும், பிரேக் பிடிக்கும். ஸ்பாய்லர் எழவில்லை என்றால் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் பாதிக் காரியம் கூட நடக்காது. அதுவும் ஈரத்தில்.

இதோடு இன்னொரு விஷயம். ஏ320ல் தானியங்கி பிரேக், ஸ்பாய்லர் எழுந்த பிறகுதான் தொடங்கும். ஆக, ஸ்பாய்லர் வரவில்லை என்றால் ஆட்டோபிரேக்கும் வராது.

அப்படியானால் ஸ்பாய்லர் எப்போது எழும்? சக்கரம் தரையில் இருக்க வேண்டும், கூடவே இரண்டு எஞ்சின்களின் லீவரும் ஐடில் நிலையில் இருக்க வேண்டும். அல்லது ஒன்று ரிவர்ஸிலும் மற்றது ஐடிலிலோ அதற்கு மிக அருகிலோ இருக்க வேண்டும். இரண்டில் ஒரு லீவர் மேலே இருந்தால் கணினி ஸ்பாய்லரை எழுப்பாது.

இது முட்டாள்தனமான விதி இல்லை. 1970 ஜூலையில் டொராண்டோவில் ஏர் கனடாவின் டிசி-8 விமானம் ஒன்று, தரையைத் தொடும் முன்னரே தவறுதலாக ஸ்பாய்லர் எழுப்பப்பட்டதால் விழுந்து 109 பேர் இறந்தார்கள். எஞ்சினுக்கு விசை கொடுத்துக்கொண்டிருக்கும் விமானி இறங்க வரவில்லை, திரும்ப மேலே போகப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அந்த 109 பேரின் பாடம்தான் இந்த மாதிரி விதிகளுக்குள் இருக்கிறது.

லீவர்

இப்போது கருப்புப் பெட்டிக்கு வரலாம்.

இந்த விமானத்தின் வலது எஞ்சினில் ரிவர்ஸர் ஜூலை 13 முதல் செயலிழக்கச் செய்யப்பட்டு, பூட்டி வைக்கப்பட்டிருந்தது. இது சட்டப்படி சரி. குறிப்பிட்ட நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஒரு ரிவர்ஸர் இல்லாமல் பறக்க உற்பத்தியாளரின் பட்டியலே அனுமதிக்கிறது.

ஏ320ல் த்ரஸ்ட் லீவர்கள் கார் ஆக்ஸிலரேட்டர் மாதிரி இல்லை. மேலே ஏறியதும் இரண்டையும் "கிளைம்ப்" என்ற பள்ளத்தில் வைத்துவிட்டு, இறங்கும் வரை தொடமாட்டார்கள். இடையில் எஞ்சின் விசையைக் கணினி கூட்டும், குறைக்கும், ஆனா லீவர் அசையாது. தரைக்குச் சில மீட்டர் மேலே வரும்போது விமானமே "ரிடார்ட்" என்று குரல் கொடுக்கும். இரண்டையும் ஐடிலுக்கு இழுங்கள் என்று அர்த்தம்.

பதிவு சொன்னது இதுதான்: இடது லீவர் ஐடிலுக்கு வந்தது, பிறகு ரிவர்ஸுக்குப் போனது. வலது லீவர் கிளைம்பிலேயே இருந்தது. கடைசி வரை.

அதன் விளைவுகள் வரிசையாக வந்தன. ஸ்பாய்லர் எழவில்லை. ஆட்டோபிரேக் வரவில்லை. இடது எஞ்சின் பின்னால் இழுக்க, வலது எஞ்சின் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. விமானிகள் காலால் முழு பிரேக் மிதித்தார்கள், ஆனால் அதற்குள் சில வினாடிகள் போய்விட்டன. காக்பிட் குரல் பதிவில் ஒருவர் ரிவர்ஸர் ஒன்றுதான் என்று நினைவூட்டுகிறார். பிறகு ஸ்பாய்லர் வரவில்லை என்கிறார். பிறகு வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார், மற்றவர் முடியவில்லை என்கிறார். லீவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மோதும்போது வேகம் 90 நாட் என்றேன் இல்லையா. வேகத்தின் வர்க்கத்தைப் போட்டுப் பாருங்கள்: தொட்டபோது இருந்த ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கு அப்படியே மிச்சம்.

எது இல்லாமல் இருந்திருந்தால்?

காரணத்தைத் தேடும் பழைய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு காரணியையும் மனசுக்குள் நீக்கிப் பார்ப்பது. நீக்கினால் விபத்து நடந்திருக்குமா?

ரிவர்ஸர் பழுது: நேரடியாகப் பார்த்தால் இதன் பங்கு சிறியது. இதே விமானம் இதே பழுதோடு முந்தைய நாட்களில் கொங்கோன்யஸில் இறங்கி நின்றிருக்கிறது.

குரூவிங் இல்லாத ஈர ரன்வே: அன்று மாலை மற்ற விமானங்களும் அதே ரன்வேயில் இறங்கின, நின்றன. எனவே ஈரம் மட்டும் போதாது. ஈரம் பிரேக்கைக் குறைத்தது உண்மை. ஆனால் ஸ்பாய்லர் இல்லாமல், ஒரு எஞ்சின் தள்ளிக்கொண்டிருக்கும்போது, ஈரம் முதல் குற்றவாளி இல்லை.

லீவர்: இதை நீக்கினால், அதாவது வலது லீவரும் ஐடிலுக்கு வந்திருந்தால், ஸ்பாய்லர் எழுந்திருக்கும், ஆட்டோபிரேக் பிடித்திருக்கும், மற்ற விமானங்களைப் போல இதுவும் நின்றிருக்கும்.

அப்போ லீவர்தான் காரணம், விஷயம் முடிந்தது, விமானியின் தவறு என்று மூடிவிடலாமா? இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். நீக்கிப் பார்க்கும் முறையின் பலவீனமும் இங்கேதான். அது ஒவ்வொரு காரணியையும் தனித்தனியாக நிறுத்திவைத்து விசாரிக்கிறது. காரணிகள் ஒன்றின் வழியாக இன்னொன்று வேலை செய்வதை அது பார்க்காது.

மழை எந்த வழியாக வந்தது

ஒரு ரிவர்ஸர் வேலை செய்யாத ஏ320ஐ இறக்கும் நடைமுறை காலப்போக்கில் மாறியிருக்கிறது. பழைய முறை: இரண்டு லீவரையும் ஐடிலுக்கு இழு, பிறகு ரிவர்ஸர் வேலை செய்யும் எஞ்சினின் லீவரை மட்டும் ரிவர்ஸுக்கு இழு. புதிய முறை: இரண்டையும் ஐடிலுக்கு இழு, இரண்டையும் சேர்த்தே ரிவர்ஸுக்கு இழு. பூட்டப்பட்ட பக்கத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

புதிய முறை ஏன் வந்தது? இரண்டு கைவேலையை வேறு வேறாகச் செய்யச் சொன்னால் மனிதன் ஒரு நாள் குழப்பிக்கொள்வான். இரண்டையும் ஒன்றாக இழு என்றால் குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. புதிய முறையில் இறங்கும் தூரக் கணக்கில் 55 மீட்டர் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

55 மீட்டர். தொடும் வேகத்தில் அது முக்கால் வினாடிப் பயணம்.

3,000 மீட்டர் ரன்வேயில் 55 மீட்டரை யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆனால் 1,940 மீட்டர், குரூவிங் இல்லை, நேற்றுத்தான் ஒரு விமானம் சறுக்கியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டால் ஈரம், வழுக்கும் என்று பதில் வருகிறது. காக்பிட்டில் இருவரும் ரன்வேயைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனநிலையில் 55 மீட்டர் பெரிதாகத் தெரியும். பழைய முறைக்குப் போனால் அந்த 55 மீட்டரை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். விசாரணை நடத்திய பிரேசில் விமானப் படையின் செனிப்பா அமைப்பு, தவறு மனிதக் கையால் நடந்தது என்றால் அது எப்படி நடந்திருக்கும் என்பதற்கு வைத்த விளக்கம் ஏறக்குறைய இதுதான்: பழைய முறையில் செய்ய முயன்று, வலது லீவர் ஐடிலுக்கு வராமலே விடுபட்டிருக்கலாம்.

மழையின் பங்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது இல்லையா? மழை டயரின் வழியாக வந்ததை விட, விமானியின் தலை வழியாகவே அதிகம் வந்தது. வழுக்கும் என்ற பயம், மீட்டர் மீட்டராக மிச்சம் பிடிக்கும் அவசரத்தைக் கொடுத்தது.

இதோடு நானாக ஒன்றைச் சேர்க்கிறேன், இது ஊகம்தான். வழுக்கும் என்று ஏற்கெனவே சொல்லப்பட்ட ரன்வேயில் விமானம் வேகம் குறையாமல் ஓடினால் உங்கள் மனசு முதலில் என்ன சொல்லும்? "வழுக்குது" என்றுதான் சொல்லும். லீவரைப் பார் என்று சொல்லாது. தயாராக ஒரு விளக்கம் கையில் இருக்கும்போது வேறு விளக்கத்தைத் தேட யாருக்கும் தோன்றாது. இருந்த நேரமோ இருபதிச் சொச்சம் வினாடிகள். அந்த ரன்வே தவறுக்குத் தூண்டியது மட்டுமல்ல, தவறை மறைக்கவும் செய்தது என்பது என் எண்ணம்.

ரிவர்ஸர் பழுதும் அப்படித்தான். பழுதால் இழந்த நிறுத்தும் விசை கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பழுது இல்லையென்றால் இரண்டு நடைமுறை என்ற கேள்வியே வந்திருக்காது. வலது, இடது லீவர்களை வேறு வேறாகக் கையாள ஒருவருக்கும் காரணம் இருந்திருக்காது.

காக்பிட்டில் இருந்த இருவருமே கேப்டன்கள், இருவருக்கும் 13,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். இரண்டாமவருக்கு ஏ320ல் மட்டும் அனுபவம் சில நூறு மணி நேரம்தான். அனுபவம் இல்லாதவர்கள் செய்த தவறு என்று தள்ளிவிட முடியாத விபத்து இது.

மூன்று விமானங்கள், ஒரே லீவர்

இந்த விபத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கக் காரணம் இந்தப் பகுதி.

1998 மார்ச் 22. பிலிப்பைன் ஏர்லைன்ஸின் ஏ320 ஒன்று பகோலோத் நகரில் இறங்குகிறது. ஒரு ரிவர்ஸர் வேலை செய்யவில்லை. அந்த எஞ்சினின் லீவர் கிளைம்பிலேயே விடப்படுகிறது. ஸ்பாய்லர் எழவில்லை. ரன்வேயைத் தாண்டி வீடுகளுக்குள் போகிறது. விமானத்தில் யாரும் சாகவில்லை. தரையில் 3 பேர் இறந்தார்கள்.

2004 அக்டோபர் 18. தைவானின் டிரான்ஸ்ஏசியா ஏ320 ஒன்று தைபேயின் சோங்ஷான் விமான நிலையத்தில் இறங்குகிறது. ஒரு ரிவர்ஸர் வேலை செய்யவில்லை. அந்த எஞ்சினின் லீவர் ஐடிலுக்கு வரவில்லை. ஸ்பாய்லர் எழவில்லை. ரன்வேயைத் தாண்டி ஒரு வடிகால் பள்ளத்தில் மூக்கை வைத்து நிற்கிறது. யாரும் சாகவில்லை.

2007 ஜூலை 17. கொங்கோன்யஸ். 199 பேர்.

ஒரே வகை விமானம், ஒரே பழுது, ஒரே லீவர். சாவு எண்ணிக்கை 3, 0, 199. ஆய்வகத்தில் யாரும் செய்து பார்க்க முடியாத பரிசோதனை இது. தவறு மாறவில்லை. மாறியது என்ன?

சோங்ஷான் ரன்வே 2,605 மீட்டர், கொங்கோன்யஸை விட 665 மீட்டர் அதிகம். அத்தனை நீளம் இருந்தும் அந்த விமானம் ரன்வேக்குள் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் எல்லையைத் தாண்டும்போது வேகம் பெரும்பாலும் தீர்ந்துபோயிருந்தது, தாண்டிய இடத்தில் இருந்தது பள்ளம். கொங்கோன்யஸில் எல்லையைத் தாண்டும்போது வேகம் மிச்சம் இருந்தது, தாண்டிய இடத்தில் இருந்தது சரிவு, சாலை, கட்டடம், பெட்ரோல். நகரம் விமான நிலையத்தை நாலு பக்கமும் நெருக்கிப் பிடித்திருந்தது. ரன்வே முனைக்கு அப்பால் விமானம் ஓடி நிற்கத் தனியாக ஒதுக்கிய பாதுகாப்பு நிலம் அங்கே இல்லை.

ஆகவே கேள்வியே இரண்டாக உடைகிறது. விமானம் ஏன் ரன்வேயைத் தாண்டியது? லீவர், அதற்குப் பின்னால் இருந்த எல்லாம். தாண்டிய விமானத்தில் ஏன் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை? அதற்கு லீவரிடம் பதில் இல்லை. அந்தப் பதில் ரன்வேயின் முனையில் இருக்கிறது. விபத்துக்குக் காரணம் ஒன்று, சாவுக்குக் காரணம் இன்னொன்று. "விமானியின் தவறு" என்று எழுதும்போது முதல் கேள்விக்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்வியை யாரும் கேட்காமலே மூடிவிடுகிறோம்.

அன்று இரவே ரன்வேயைக் குற்றம் சொன்ன பொதுமக்கள், தவறான காரணத்துக்காகச் சரியான இடத்தைத்தான் கைகாட்டினார்கள்.

வந்திருந்த எச்சரிக்கை

தைவான் விபத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. "ரிடார்ட்" என்ற குரல் எந்த லீவர் என்று சொல்வதில்லை. அதனால் இறங்கிய பிறகும் ஒரு லீவர் ஐடிலுக்கு மேல் இருந்தால் குறிப்பாக அதைச் சுட்டிக்காட்டி அலறும் ஒரு மாற்றத்தை எச்சரிக்கைக் கணினியில் ஏர்பஸ் உருவாக்கியது. கொங்கோன்யஸுக்கு முன்பே அது தயாராகிவிட்டது. ஆனால் கட்டாயம் இல்லை, விரும்பும் நிறுவனங்கள் போட்டுக்கொள்ளலாம் என்ற வகையில்தான் வந்தது. விபத்துக்குள்ளான விமானத்தில் அது இல்லை.

இதற்காக யார் மேல் பழி போடுவது என்று எனக்குச் சுலபமாகச் சொல்ல வரவில்லை. விமான நிறுவனங்களுக்கு இப்படிப்பட்ட பரிந்துரைகள் கட்டுக்கட்டாக வரும். எல்லாவற்றையும் உடனே செய்வதில்லை. ஆனால் ஒரே தவறு இரண்டு முறை, இரண்டு நாடுகளில், இரண்டு நிறுவனங்களில் நடந்த பிறகு, அதைத் தனிமனிதக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்வது கஷ்டம். பகோலோத்தில் ஒருவர், தைபேயில் ஒருவர், சாவ் பாவ்லோவில் ஒருவர், ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, மூவரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்றால், பார்க்க வேண்டியது காலை இல்லை, படியை.

மனிதனா, இயந்திரமா

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருப்புப் பெட்டி பதிவு செய்வது லீவரின் நிலை பற்றி சென்சார் அனுப்பும் தகவலை. விமானியின் கையை அல்ல. லீவரை அவர் இழுத்தும் சென்சார் பக்கம் கோளாறாகி, தவறான நிலையை அனுப்பியிருக்கலாம் என்பது இன்னொரு சாத்தியம். காக்பிட் தீயில் எரிந்துபோனதால் நேரில் பார்த்து உறுதிசெய்ய வழியில்லை. 2009ல் வெளிவந்த செனிப்பா அறிக்கை இரண்டு கருதுகோளையும் வைத்தது. கோளாறுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, மனிதக் கையே அதிக சாத்தியம் என்றது. முந்தைய இரண்டு விபத்துகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

இப்படிப்பட்ட அறிக்கைகளின் நோக்கம் பழி சுமத்துவதில்லை, தடுப்பது மட்டும்தான் என்று சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு சொல்கிறது. நீதிமன்றத்துக்கு வேண்டியது வேறு. பிரேசிலில் நிறுவன அதிகாரிகள் இருவர் மீதும் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன்னாள் இயக்குநர் ஒருவர் மீதும் வழக்கு நடந்து, 2015ல் மூவரும் விடுதலையானார்கள். குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் சட்டத்தின் "காரணம்" என்ற சொல்லும் பொறியியலின் "காரணம்" என்ற சொல்லும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரியும். சட்டம் ஒரு ஆளைத் தேடுகிறது. இந்த விபத்தில் ஒரு ஆள் போதவில்லை.

சரி, முடிவாக

எந்த ஓடுபாதை விபத்து அறிக்கையைப் படித்தாலும் இந்த மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

1. விமானம் ஏன் நிற்கவில்லை? இது இயற்பியல். ஸ்பாய்லர், பிரேக், எஞ்சின், நீளம், ஈரம்.

2. திறமையான இரண்டு பேர் அந்த நிலைக்கு ஏன் வந்தார்கள்? இது மனமும் நடைமுறையும். இரண்டு விதமான வழிமுறை, 55 மீட்டர், வழுக்கும் என்ற பயம், இருந்தும் வந்து சேராத எச்சரிக்கை.

3. நிற்காமல் போனது ஏன் இவ்வளவு பெரிய சாவாக மாறியது? இது நகரமும் நிலமும்.

ஒன்றுக்குரிய பதிலை இன்னொன்றுக்குச் சொன்னால்தான் குழப்பம். "ரன்வே வழுக்கியது" என்பது முதல் கேள்விக்குப் பலவீனமான பதில், இரண்டாவதற்கு மிக நல்ல பதில். "லீவர்" முதல் கேள்விக்கு நல்ல பதில், மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

மூன்றாவது கேள்விக்கு கொங்கோன்யஸ் பதில் சொல்ல நீண்ட காலம் ஆனது. நகரத்தை நகர்த்த முடியாது, ரன்வேயை நீட்டவும் இடமில்லை. கடைசியில் 2022ல் முக்கிய ரன்வேயின் முனைகளில் ஈமாஸ் எனப்படும் நொறுங்கும் கான்கிரீட் படுக்கையைப் போட்டார்கள். விமானம் அதன் மேல் ஓடினால் கான்கிரீட் நொறுங்கி, சக்கரம் புதைந்து, சில பத்து மீட்டருக்குள் வேகம் செத்துவிடும். அது விமானி சரியாகச் செய்தாரா, மழை பெய்ததா, லீவர் எங்கே இருந்தது என்று எதையும் கேட்காது. தவறு நடக்கும் என்று ஒப்புக்கொண்டு கட்டப்பட்ட ஒன்று.

சாலைக்கு அந்தப் பக்கம், கட்டடம் எரிந்த இடத்தில் இப்போது ஜூலை 17 நினைவுச் சதுக்கம் இருக்கிறது. விபத்துக்கும் அந்தப் படுக்கைக்கும் நடுவில் 15 வருடம்.